தனிவீட்டு வாடகை முதலீடு (ஐக்கிய அமெரிக்கா)

தனிவீட்டு வாடகை முதலீடு என்பது, ஒரு குடும்பம் வாழத்தக்க தனி வீட்டை வாங்கி, வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது நெடுங்காலம் சிறு முதலீட்டாளர்களின் துறையாகவே இருந்தது. 2012 முதல் பெரும் நிதி நிறுவனங்களும் இதில் இறங்கின. இவ்விரு தரப்பினருக்கும் இடையிலான போட்டியில், வாங்குவதற்கான பணம் எவ்வளவு விரைவாக, என்ன வட்டிக்குக் கிடைக்கிறது என்பதே முதன்மையான வேறுபாடாகும்.

பின்னணி

2008 நிதி நெருக்கடியின்போது வீட்டு விலைகள் சரிந்தன. கடனைக் கட்ட இயலாத பலரின் வீடுகள் ஏலத்துக்கு வந்தன. வங்கிகள் கடன் விதிகளை இறுக்கியதால் தனிநபர்களால் அவற்றை எளிதில் வாங்க இயலவில்லை. இந்நிலையில் பிளாக்ஸ்டோன் நிறுவனம் 2012 இல் இன்விடேசன் ஓம்சு என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பீனிக்சு, அட்லாண்டா முதலிய நகரங்களில் வீடுகளை வாங்கியது. 2013 இல் 3,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் வாடகை வருவாயை அடிப்படையாகக் கொண்டு, ஏறத்தாழ 47.9 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. இவ்வாறு திரட்டிய பணத்தைக் கொண்டு மேலும் வீடுகளை வாங்க முடிந்தது.

சிறு முதலீட்டாளரின் கடன்

சிறு முதலீட்டாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே அடமானக் கடன் பெறுகிறார். ஃபேனி மே விதிகளின்படி, வாடகைக்கு விடும் தனிவீட்டுக்குக் குறைந்தது 15% முன்பணம் தேவை. ஒருவர் கடனில் வைத்திருக்கும் வீடுகள் பத்தைத் தாண்டக்கூடாது.

எடுத்துக்காட்டாக, 2,00,000 டாலர் வீட்டுக்கு 40,000 டாலர் முன்பணம் செலுத்தி, மீதியை 30 ஆண்டுக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். மாத வாடகை 1,800 டாலர். வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு, வீடு காலியாக இருக்கும் காலம் ஆகியவற்றுக்கு 650 டாலர் ஒதுக்கினால் 1,150 டாலர் எஞ்சும்.

4% வட்டியில்: தவணை 764 டாலர், மிச்சம் 386 டாலர்.
7% வட்டியில்: தவணை 1,064 டாலர், மிச்சம் 86 டாலர்.

அதாவது, வட்டி உயர்ந்த நிலையில் ஒரேயொரு பெரும் பழுது ஓராண்டு இலாபத்தையும் விழுங்கிவிடக்கூடும்.

போட்டி

நிறுவனங்கள் முழுத்தொகையையும் ரொக்கமாகத் தர வல்லவை. வங்கியின் ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், விற்பவர் சற்றுக் குறைந்த விலைக்கும் அவற்றுக்கே விற்க முன்வரலாம். ஆயினும், பராமரிப்புச் செலவைக் குறைக்கும் பொருட்டு, அவை ஒரே பகுதியில் உள்ள, ஒத்த அமைப்புடைய, அதிகம் பழையதல்லாத வீடுகளையே பெரிதும் நாடுகின்றன. ஆகவே பழுதான வீடுகளிலும் சிற்றூர்களிலும் சிறு முதலீட்டாளருக்கு இடம் உண்டு. அவர் கையாளும் வழிகளுள் சில:

* நான்கு குடியிருப்புகள் வரை உள்ள கட்டடத்தில் ஒன்றில் தாமே குடியிருந்து, ஏனையவற்றை வாடகைக்கு விடுதல். கூட்டாட்சி வீட்டு நிர்வாகத்தின் காப்புறுதி பெற்ற கடனாயின் 3.5% முன்பணம் போதுமானது.
* விற்பவரிடமே தவணை முறையில் வாங்குதல்.
* குறுகிய காலக் கடனில் வாங்கிப் பழுது நீக்கி, பின்னர் நீண்ட காலக் கடனுக்கு மாறுதல். இடையில் வட்டி உயர்ந்தால் இது இடர் மிக்கது.

தாக்கம்

2022 இல் பெரும் நிறுவனங்களிடம் இருந்தவை நாட்டின் வாடகைத் தனிவீடுகளில் ஏறத்தாழ 3% மட்டுமே. ஆனால் அட்லாண்டாவில் இப்பங்கு 25% அளவில் இருந்தது. எனவே நாடு தழுவிய சராசரியை மட்டும் கொண்டு இப்போட்டியின் கடுமையை அளவிட இயலாது. இத்தகைய நகரங்களில், சிறு முதலீட்டாளருடன், முதல் வீடு வாங்க முயலும் குடும்பங்களும் இப்போட்டியை எதிர்கொள்கின்றன.