உஷார்! முதியோர் இல்லத்தின் பின்கதவைத் திறந்து பார்த்தீர்களா?

கெடாவில் அம்மாவையோ அப்பாவையோ ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டிருக்கிறீர்களா? விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த வாரமே அங்கே ஒரு நடை போய் வாருங்கள். சாப்பாடு ருசியா, தரை சுத்தமா என்று பார்க்க அல்ல. நள்ளிரவில் தீப்பிடித்தால் உள்ளே படுத்திருப்பவர்கள் எந்த வழியாக, யார் துணையோடு வெளியே வருவார்கள் என்று பார்க்கப் போங்கள்.

இது வீண் பயம் இல்லை. நம் மாநிலம் ஏற்கெனவே பட்ட அடி.

1989 செப்டம்பர் 22ஆம் தேதி, யான் மாவட்டம் பாடாங் லூமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் மாணவிகள் விடுதியில் தீப்பிடித்தது. மரத்தால் கட்டிய எட்டு விடுதிகள் எரிந்து போயின. 27 மாணவிகள் இறந்தார்கள். அதிலிருந்து 28 ஆண்டுகள் கழித்து, 2017 செப்டம்பர் 14 அதிகாலையில், கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த டாருல் குர்ஆன் இத்திஃபாகியா சமயப் பள்ளி எரிந்தது. 23 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். தீ எப்படி வந்தது என்பது நீதிமன்றம் வரை போன விஷயம். ஆனால் பிள்ளைகள் ஏன் தப்ப முடியவில்லை என்பதை அதிகாரத் தரப்பு அப்போதே சொல்லிவிட்டது. அவர்கள் படுத்திருந்த மேல்மாடிக்கு, கட்டட வரைபடத்தின்படி இரண்டு வழிகள் இருந்தன. பிறகு எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர் அதில் ஒரு வழியை அடைத்துவிட்டது. மற்றதில் தீ நின்றது. சன்னல்களில் இரும்புக் கிரில்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தின் கீற்றுக்கொட்டகை பற்றி எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். ஓடிவிடக் கூடாது என்று அவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள்.

மூன்று ஊர், மூன்று காலம். கண்காணிப்பு இல்லாத கட்டடமும் வெளியேற வழியில்லாத மனிதர்களும் ஒன்று சேரும் இடத்தில் ஒரு தீப்பொறி போதும். டத்தோ கிராமாட் பிள்ளைகளுக்குக் காலில் தெம்பு இருந்தது. அவர்களாலேயே வெளியே வர முடியவில்லை என்றால், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பாட்டியும் சக்கர நாற்காலியில் இருக்கும் தாத்தாவும் என்ன செய்வார்கள்?

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. தோட்டத்து லயத்தில் கிழவியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீடு இருந்தது. கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய பிறகு நம் மக்கள் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று தாமான்களுக்குப் பெயர்ந்தார்கள். பிள்ளைகள் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போனார்கள். பெரியவர்கள் தனியே நின்றார்கள். யாருமற்ற ஏழை முதியோருக்கு அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லம் பீடோங்கில் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தும் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் தனியார் இல்லத்தையோ அன்பர்கள் நடத்தும் தரும இல்லத்தையோதான் நாட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட இல்லங்கள் பல, வாடகைக்கு எடுத்த வரிசை வீடுகள். ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் பதினைந்து கட்டில் போட்டால் அதை வீடு என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டடம் மட்டும் பழைய வீடாகவே நிற்கும்.

அந்த வீட்டை ஒரு முறை முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து பாருங்கள். வாசலில் இழுத்து மூடும் கிரில், அதில் பூட்டு. சாவி சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும், அல்லது இரவுப் பணியாளரின் தலையணைக்கு அடியில் இருக்கும். கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். அறைகளின் சன்னல் எல்லாம் சுவரோடு பதித்த கம்பி. பின்கட்டு முழுக்கக் கூரை போட்டு, சந்து வரை நீட்டிய சமையலறை. அங்கே அடுப்பும் கேஸ் தோம்பும். பின்கதவு ஒன்று உண்டு, ஆனால் அதன் மேல் சலவை இயந்திரம் சாய்ந்து நிற்கும், பக்கத்தில் அரிசி மூட்டை. ஆக, இருக்கும் இரண்டு வழியில் ஒன்று பூட்டியிருக்கிறது, மற்றது தீப்பிடிக்க வாய்ப்பு அதிகமுள்ள இடத்தைத் தாண்டிப் போகிறது.

இதைக் கேட்டால் இல்லத்தில் ஆறுதலாக ஒரு பதில் வரும்: "பயப்படாதீங்க அக்கா, ராத்திரி எல்லாத்தையும் பூட்டிடுவோம். பாட்டி எங்கேயும் போய்ட முடியாது." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஞாபக மறதி உள்ளவர்கள் நடுராத்திரியில் எழுந்து நடப்பது உண்மை. ஆனால் பாட்டி வெளியே போகாமல் தடுக்கும் அதே பூட்டுதான் புகை சூழும்போது அவர் உயிரைக் குடிக்கும். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளும், கதவைத் திறந்தால் ஒலிக்கும் மணியும் போட்டால் இரண்டு கவலையும் தீரும். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

நெருப்புக்கு முன் புகை

தீவிபத்தில் பலர் சுடர் நெருங்கும் முன்பே புகையால் மடிகிறார்கள். பஞ்சணை மெத்தையும் பிளாஸ்டிக் பொருளும் எரியும்போது வரும் நச்சுப்புகை சில நிமிடங்களில் ஒரு கூடத்தை நிறைத்துவிடும். எழுந்து நடக்க முடியாத ஒருவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பத்துப் பேர் படுத்த படுக்கையாக இருக்கும் இல்லத்தில் இரவுக்கு ஒரே ஒரு பணியாளர் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

தீக்குக் காரணமானவையும் நம் கண்முன்தான் இருக்கின்றன. நல்ல உள்ளம் படைத்தவர்கள் ஏர்கோன் வாங்கித் தருகிறார்கள், பெரிய ஐஸ் பெட்டி தருகிறார்கள், ஆக்சிஜன் கருவி தருகிறார்கள். எல்லாம் ஒரு குடும்பத்தின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த பழைய ஒயரில் தொங்குகின்றன. ஒரே நீட்டிப்பு ஒயரில் நான்கு பிளக். கட்டிலடியில் கொசுவர்த்தி, சாமி மேடையில் இரவெல்லாம் எரியும் விளக்கு. ஆக்சிஜன் ஓடும் அறையில் ஒரு சின்னச் சுடரும் வேகமாகப் பரவும்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லில்-வெர்ட் என்ற சிற்றூரில் 2014 ஜனவரி 23 அன்று ஒரு முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் பின்னால் சேர்த்த பகுதிக்குத் தானாக நீர் தெளிக்கும் கருவிகள் இருந்தன, பழைய பகுதிக்கு இல்லை. எரிந்து விழுந்தது பழைய பகுதி. புதிய பகுதி நின்றது. ஜப்பானில் 2006இல் நாகசாகி வட்டாரத்தில் ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் 7 பேர் இறந்த பிறகு, சிறிய இல்லங்களுக்கும் நீர்தெளிப்புக் கருவி வேண்டும் என்ற விதி படிப்படியாக வந்தது. "நம்மது சின்ன இடம்தானே" என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. இங்கேயும் எடுபடக் கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையங்கள் சட்டம், அதாவது சட்டம் 506, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. நான்கு பேரைத் தங்கவைத்துப் பராமரித்தாலே அது தங்கும் பராமரிப்பு நிலையம். கட்டணம் வாங்கினாலும் சரி, தருமமாக நடத்தினாலும் சரி, சமூக நலத் துறையில் பதிய வேண்டும். பதிவுக்குத் தீயணைப்புத் துறை, ஊராட்சி மன்றம், சுகாதார அலுவலகம் ஆகியவற்றின் ஆதரவு தேவை. ஊராட்சி மன்றம் என்பது சுங்கைப்பட்டாணியில் என்றால் அந்நகரின் நகராண்மைக் கழகம், கூலிமில் என்றால் கூலிம் நகராண்மைக் கழகம், யானிலும் பாலிங்கிலும் மாவட்ட மன்றம். குடியிருப்புக்கென்று கட்டிய வீட்டை இல்லமாக மாற்றுவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். தப்பும் வழி, படிக்கட்டு, தீயைத் தடுக்கும் சுவர், கதவு ஆகியவை 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகளின் கீழ் வருகின்றன. தீ அபாயத்தை அகற்றும்படி நோட்டீஸ் கொடுக்க 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் பொம்பா எனும் தீயணைப்புத் துறைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தாதியர் சேவையோடு நடக்கும் தனியார் முதியோர் நிலையங்களுக்கென்று 2018இல் சட்டம் 802 இயற்றப்பட்டது.

சட்டம் இருக்கிறது. ஆனால் பதியாமல் நடக்கும் இல்லத்துக்குள் சட்டம் நுழைவதில்லை. பதிவுக்குப் போனால் மூடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் ஒளிந்து நடத்துகிறார்கள். வாடகை வீட்டுக்காரர் கிரில்லை மாற்றச் சம்மதிப்பதில்லை. அந்தச் சிரமம் புரிகிறது. ஆனாலும் ஒளிந்து நடக்கும் இல்லத்துக்குத்தான் ஆபத்து அதிகம். அங்கே தவறைச் சுட்டிக்காட்ட யாரும் வருவதில்லை.

நீரையும் மறக்காதீர்கள்

கெடாவில் தீ மட்டும் ஆபத்தில்லை. 2021 ஆகஸ்ட் 18இல் குனோங் ஜெராய் அடிவாரத்தில் திடீரெனப் பாய்ந்த மலைவெள்ளம் யான் வட்டாரத்தில் 6 உயிரைக் கொண்டுபோனது. 2022 ஜூலை 4இல் பாலிங், கூப்பாங் பக்கம் சேறும் மரங்களும் சேர்ந்து வந்த வெள்ளத்தில் 3 பேர் இறந்தார்கள். ஆற்றோரத்திலும் மலையடிவாரத்திலும் உள்ள இல்லம் என்றால், தண்ணீர் ஏறும்போது கட்டிலில் கிடப்பவர்களை எங்கே, எந்த வண்டியில் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியவை

போகும்போது இந்தக் கேள்விகளைக் கையில் எழுதி எடுத்துப் போங்கள்.

1. சமூக நலத் துறையின் பதிவுச் சான்றிதழ் எங்கே? அதில் உள்ள முகவரி இதே முகவரிதானா? எத்தனை பேருக்கு அனுமதி, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2. பொம்பா கடைசியாக எப்போது வந்து பார்த்தது? என்ன மாற்றச் சொன்னது? மாற்றியாகிவிட்டதா?

3. வெளியேற இரண்டு தனித்தனி வழிகள் உண்டா? பின்கதவை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.

4. இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? சாவி எங்கே? கிரில் உள்ளிருந்து திறக்குமா?

5. நடக்க முடியாதவர்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்களா? மாடியில் வைத்திருந்தால் உடனே கீழே மாற்றச் சொல்லுங்கள்.

6. புகை கண்டால் ஒலிக்கும் கருவி ஒவ்வொரு அறையிலும் உண்டா? பொத்தானை அழுத்திச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

7. தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி என்ன? பணியாளருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியுமா? வெளிநாட்டுப் பணியாளர் என்றால் 999க்கு அழைத்து முகவரி சொல்லத் தெரியுமா?

8. கடைசியாக எப்போது தப்பும் பயிற்சி நடந்தது?

9. குளியலறையில் கைப்பிடி உண்டா? தரை வழுக்குமா? சக்கர நாற்காலி வாசற்படியைத் தாண்டுமா? முதியவர்களை அன்றாடம் வீழ்த்துவது இந்த ஈரத்தரைதான்.

பதில் மழுப்பலாக வந்தால் சண்டை போடாதீர்கள். இன்ன தேதிக்குள் இன்னதைச் சரிசெய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் தாலியான் காசே உதவி எண்ணான 15999க்கோ, அருகில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். அது துரோகமில்லை. உள்ளே படுத்திருப்பவர்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லை.

அன்னதானம் தரும் நல்லோருக்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லத்துக்குச் சாப்பாடு போடுகிறீர்கள், வாழ்க. அடுத்த முறை அந்தச் செலவில் ஒரு பங்கைப் புகை எச்சரிக்கைக் கருவிக்கும், ஒயரிங் சோதனைக்கும், உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளுக்கும் கொடுங்கள். பெரிய மின்சாதனம் தருவதற்கு முன், அந்த வீட்டு மின்இணைப்பு தாங்குமா என்று உரிமம் பெற்ற மின்வினைஞரிடம் கேளுங்கள். கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் நிதி தருமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும்.

இல்லம் நடத்தும் அன்பர்களே, யாரும் தொடாத உடம்பைக் கழுவி, யாரும் ஊட்டாத வாய்க்கு ஊட்டுகிறீர்கள். உங்கள் சேவையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பூட்டிய கிரில் அத்தனை சேவையையும் ஒரே இரவில் பாழாக்கிவிடும். பொம்பா வந்து மூடிவிடும் என்று பயந்து ஒதுங்காதீர்கள். நீங்களே அவர்களை அழைத்து, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள். இன்றிரவு படுக்கப் போகுமுன் பின்கதவின் முன்னால் இருக்கும் சாமானை எடுத்துவிடுங்கள். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், எந்தப் பணமும் வேண்டாம்.