எலும்பும் கேழ்வரகும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேழ்வரகு புதியதன்று. நாம் களி என்பதைத் தெலுங்கு மக்கள் சங்கடி என்பர். வேர்க்கடலைத் துவையலுடன் அதை உண்பது அப்பகுதியின் பழக்கம். எனினும் ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் உயர்ந்ததும், நம்மவர் பலர் முதலில் கைவிடுவது இவ்வுணவையே. தீட்டிய அரிசிச் சோறுதான் கௌரவம் என எண்ணிவிடுகிறோம். இதனால் எலும்புக்கு நேரும் நஷ்டம் யாது?

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அச்சத்துப் படிவதற்கு முன்னரே ஒரு பின்னல் அமைய வேண்டும். அப்பின்னலுக்கும் குருத்தெலும்புக்கும் உரிய சில பொருள்களை உடல் ஆக்கிக்கொள்ள, மாங்கனீஸ் என்னும் தாது துணைபுரிகிறது. நாளொன்றுக்குத் தேவையானது 2 முதல் 4 மில்லிகிராம்தான். கோழிக் குஞ்சுகளின் கால்கள் கோணிப்போகும் நோயைத் தீவனத்தில் சிறிது மாங்கனீஸ் சேர்த்துத் தடுக்கலாம் என 1936-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 3 மில்லிகிராம் மாங்கனீஸும் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியிலோ மாங்கனீஸ் சுமார் 1 மில்லிகிராம். சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தாதுக்களும் போய்விடுகின்றன. கேழ்வரகின் தோலோ மணியோடு ஒட்டியிருப்பதால், அதை முழுமணியாகவே மாவாக்குகிறோம். வேர்க்கடலை, பருப்பு வகைகள், கீரைகள், தேநீர் ஆகியவற்றிலும் மாங்கனீஸ் உண்டு.

தானியத் தோலில் உள்ள ஒருவகை அமிலம் இத்தாதுக்களை உடலில் சேரவிடாமல் பிடித்துவைப்பதுண்டு. கேழ்வரகை முளைகட்டி அரைத்தாலும், கரைத்த மாவை இரவில் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினாலும் அப்பிடி தளரும். நம் பாட்டிமார் செய்துவந்த முறையும் இதுவே.

நேயர்களே, ஒன்றை மறவாதீர்கள். மாங்கனீஸ் குறைவு மனிதரிடம் மிக அரிது. ஆகவே அதற்கென மாத்திரை தேடி உண்ணவேண்டா. அதன் தூசியை நெடுங்காலம் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர் நரம்பு நோய்க்கு ஆளானதும் உண்டு. கேழ்வரகு ஒன்றே எலும்பைக் காத்துவிடும் என்பதும் சரியன்று. பால், வெயில், நடை ஆகியனவும் வேண்டும். முதுமையில் தடுக்கி விழுந்து எலும்பு முறிந்தோர் படும் துன்பத்தை நாம் கண்டிருக்கிறோம். எலும்பை உறுதிப்படுத்தும் காலம் இளமை. எனவே, எந்த ஊரில் குடியிருப்பினும், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது குழந்தைகளின் தட்டில் களியோ அடையோ இடம்பெறட்டும்.