ஒப்புக்கொண்டோரும் மறுத்தோரும்: சேலம் சூனிய விசாரணைகளில் (1692–1693) வாக்குமூலத்தின் இடம்

வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1692ஆம் ஆண்டு நிகழ்ந்த சேலம் சூனிய விசாரணைகள், ஒரு சமயச் சமூகம் தன் உறுப்பினரையே அஞ்சிய வரலாற்றுக்குச் சான்றாகும். தமிழகச் சேலத்தோடு பெயரொப்புமையன்றி வேறு தொடர்பற்ற இவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 150க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பெற்றனர். பெண்கள் பதினால்வரும் ஆண்கள் ஐவருமாக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். இவர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர் என்பது பரவலான பிழை. ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியத்திற்குரிய தண்டனை தூக்கே. இவ்விசாரணைகளில் கருதத்தக்க முரண் ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்ற ஒருவரும் தூக்கிலேறவில்லை; ஏறிய அனைவரும் மறுத்தவர்கள். இத்தலைகீழ் நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1692 சனவரியில் சேலம் சிற்றூரின் போதகர் சாமுவேல் பாரிஸின் ஒன்பது வயது மகள் பெட்டியும், அவ்வீட்டில் வளர்ந்த பதினோரு வயது அபிகெயில் வில்லியம்ஸும் காரணம் புலப்படாத வலிப்பிற்கு ஆளாயினர். அக்காலச் சூழல் அமைதியானதன்று. குடியேற்றத்தின் பழைய உரிமைச் சாசனம் 1684இல் நீக்கப்பட்டிருந்தது. வடகிழக்கு எல்லையில் பூர்வகுடிகளோடும் பிரெஞ்சியரோடும் போர் நடந்துகொண்டிருந்தது. போதகருக்கும் ஊராருள் ஒரு சாராருக்கும் பகை முற்றியிருந்தது. ஊர்ப்பகையைப் போயரும் நிசன்பாமும் (1974), எல்லைப்போரை மேரி பெத் நார்ட்டனும் (2002) முதன்மைப்படுத்துவர். தானியப் பூஞ்சையின் நஞ்சே காரணம் என 1976இல் முன்வைக்கப்பட்ட கருத்து ஒருவேளை வலிப்பை விளக்கலாம், நீதிமன்றத்தை விளக்காது.

முதலில் கைதான மூவர் சாரா குட், சாரா ஆஸ்போர்ன், பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்டுபா ஆகியோர். மார்ச்சு 1ஆம் நாள் நடுவர் ஜான் ஹாத்தோர்ன் வினவத் தொடங்கினார். குற்றம் செய்தாயா என்பது அவர் வினா அன்று. எந்தத் தீய ஆவியோடு உனக்கு உறவு, இக்குழந்தைகளை ஏன் வருத்துகிறாய் என்பனவே அவர் வினாக்கள். குற்றம் வினாவிற்குள்ளேயே முடிந்த செய்தியாக அமைந்துவிடுகிறது; காரணத்தை மட்டுமே கைதி நிரப்ப வேண்டும். இத்தகைய விசாரணைகள் பலவற்றை எழுத்தில் பதிந்தவர் பாரிஸே என்பதையும் ஆவணங்களைப் பயில்வோர் மறத்தலாகாது.

மற்ற இருவரும் மறுத்தனர். டிட்டுபா முதலில் மறுத்துப் பின் ஒப்புக்கொண்டார். சாத்தானின் புத்தகத்தில் ஒன்பது குறிகளைக் கண்டதாக அவர் கூறியதே திருப்புமுனை. அவரால் பெயர் சுட்டப்பட்டோர் இருவரே. எஞ்சியவை எவருடைய குறிகள் என்னும் தேடல் அன்று தொடங்கிற்று. ஒப்புக்கொண்டவர் இவ்வாறு குற்றவாளி என்னும் நிலையிலிருந்து சாட்சி என்னும் நிலைக்கு மாறினார். பிறரைக் காட்டிக்கொடுக்க வல்லவரை உடனே தூக்கிலிடுவது நீதிமன்றத்திற்கு இழப்பாகும். டிட்டுபா ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்து உயிரோடு வெளிவந்தார். சாரா ஆஸ்போர்ன் சிறையிலேயே இறந்தார். சாரா குட் சூலை 19இல் தூக்கிலிடப்பட்டார்.

ஆளுநர் வில்லியம் பிப்ஸ் மே மாதத்தில் அமைத்த தனி நீதிமன்றத்திற்கு வில்லியம் ஸ்டவ்டன் தலைமை ஏற்றார். அங்கு ஏற்கப்பட்ட 'பேயுருச் சான்று' மறுப்பைப் பயனற்றதாக்கியது. பாதிக்கப்பட்டோரின் கண்ணுக்கு மட்டும் தோன்றும் உருவம் தங்களை வருத்துவதாக அவர்கள் சொன்னால், அவ்வேளையில் தாம் வீட்டில் உறங்கியதை மெய்ப்பிப்பதும் உதவாது. வந்தது உடலன்று, உருவமன்றோ?

சமய வழக்கமும் இதற்குத் துணைநின்றது. பியூரிட்டன் திருச்சபையில் பாவத்தை அனைவர் முன்னும் ஒப்புக்கொள்வது சமூகத்திற்குள் மீளும் வாயில். எனவே ஒப்புதலை மனந்திரும்பலாகவும் மறுப்பை நெஞ்சின் இறுக்கமாகவும் நடுவர் கொண்டது அவர்களுக்கு இயல்பே. ஆனால் அதே சமயமே பொய்யை ஆன்மாவின் அழிவு என்றும் கற்பித்தது. 71 வயது ரெபெக்கா நர்ஸை நடுவர்குழு முதலில் குற்றமற்றவர் என்றது. ஒப்புக்கொண்ட கைதி ஒருத்தியை அவர் 'எங்களுள் ஒருத்தி' என்ற பொருள்படக் குறித்திருந்ததை ஸ்டவ்டன் நினைவூட்டினார். உடன்கைதி என்பது நர்ஸ் கருதிய பொருள். சூனியக் கூட்டாளி என்பது மன்றம் கொண்ட பொருள். விளக்கம் கேட்டபோது செவிமந்தமான மூதாட்டி விடையிறுக்கவில்லை. தீர்ப்பு மாறியது. ஒரு சொற்றொடரின் இருபொருள் ஓர் உயிரைக் கொண்டது.

அவர் தங்கை மேரி ஈஸ்டியின் விண்ணப்பம் இவ்வாவணங்களுள் மிகச் செறிவானது. தம் உயிரை அவர் வேண்டவில்லை. இனியும் குற்றமற்றோர் குருதி சிந்தலாகாது என வேண்டினார். பாதிக்கப்பட்டோரைத் தனித்தனியே விசாரிக்கவும், ஒப்புக்கொண்டோர் சிலரைச் சோதிக்கவும் வழி கூறினார். தம் ஆன்மாவிற்கு எதிராகப் பொய்யுரைக்கத் துணியேன் என்ற அவர் செப்டம்பர் 22இல் தூக்கிலேறினார். அன்று இறந்த எண்மருள் சாமுவேல் வார்டுவெல் ஒப்புக்கொண்டு பின் மீண்டவர். இளம்பெண் மார்கரெட் ஜேக்கப்ஸோ அச்சுறுத்தலுக்குப் பணிந்து தம் பாட்டனுக்கு எதிராகவும் பேசி, பின் மனம் பொறாது அதனைத் திரும்பப் பெற்றார். பாட்டன் ஜார்ஜ் ஜேக்கப்ஸ் ஆகஸ்டு 19இல் மாண்டார். மார்கரெட்டின் வழக்கு நோயால் தள்ளிப்போனமையால் அவர் உயிர் தப்பினார்.

அண்டையூரான ஆண்டோவரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டனர். உயிர் காக்க வேறு வழியில்லை என உறவினரே வற்புறுத்தியதை அவ்வூர்ப் பெண்கள் சிலர் பின்னர் எழுதித் தந்தனர். ஊரையே கவ்விய வெறி எனப்படுவது, இவ்விடத்தில் நெருங்கிப் பார்த்தால், அஞ்சிய குடும்பங்களின் கணக்காகவே தோன்றுகிறது. ஒவ்வோர் ஒப்புதலும் புதிய பெயர்களைத் தந்தது. பெயர் பெருகியது சதி பெரிதென்பதற்குச் சான்றாயிற்று.

அக்டோபரில் போதகர் இன்கிரீஸ் மேதர், சாத்தான் குற்றமற்றவர் உருவத்தையும் ஏற்கக்கூடும் என வாதிட்டுப் பேயுருச் சான்றின் அடித்தளத்தை அசைத்தார். அம்மாத இறுதியில் பிப்ஸ் தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 சனவரியில் கூடிய உயர் நீதிமன்றம் அச்சான்றை ஏற்கவில்லை. பெரும்பாலோர் விடுதலையாயினர், குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்ட மூவரும் ஒப்புக்கொண்டவர்கள். பேயுரு விலகியதும் வாக்குமூலம் தன் இயல்பான பொருளுக்குத் திரும்பி, காத்தவரையே சிக்கவைத்தது. மூவரையும் பிப்ஸின் ஆணை காத்தது.

அம்மூவருள் ஒருவரான ஆண்டோவர் எலிசபெத் ஜான்சனுக்கு அப்போது ஏறத்தாழ 22 வயது. 1711இல் பலருடைய தண்டனைகள் நீக்கப்பட்டு இழப்பீடு வழங்கப்பட்டபோதும் அவர் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. வடக்கு ஆண்டோவர் பள்ளி மாணவரின் முயற்சியால் 2022இல்தான் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது.