அலுமாரிக்குள் இருந்த அறிக்கை

சென்ற வருடம் எங்கள் பெரியம்மா ஒரு மமோகிராம் அறிக்கையை அலுமாரிக்குள் மறைத்து வைத்திருந்தார். ‘நுண்ணிய கல்சியப் படிவுகள் தெரிகின்றன, இழைய மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உடம்பில் கல்சியம் கூடிவிட்டதாக எண்ணி அவர் பால் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். யாரிடமும் சொல்ல வெட்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கும் அன்று விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடி அறிந்ததை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: நாம் குடிக்கும் பாலுக்கும் இந்தப் படிவுகளுக்கும் தொடர்பில்லை. இவை பல பெண்களிடம் காணப்படுபவை, பெரும்பாலானவை தீங்கற்றவை. இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தவை தண்டவாளம் போல இரட்டைக் கோடுகளாகத் தெரியும். சாதாரணக் கட்டியொன்றில் படிந்தவை சோளப்பொரி போல இருக்கும்.

கவனிக்க வேண்டியவை வேறு. மார்பகத்தில் பாலைக் கொண்டுசெல்லும் கான்கள் உள்ளன. புற்றுநோயின் ஆரம்ப நிலையில், மாறிய கலங்கள் கானுக்குள்ளேயே பெருகும். அதன் சுவரைத் தாண்டியிருக்காது. கானுக்குள் இரத்தக்குழாய் இல்லாததால் நடுவிலுள்ள கலங்கள் ஒட்சிசன் போதாமல் இறக்கலாம். அந்த எச்சங்களில் கல்சியம் படியும். அதனால்தான் அவை கானின் வழியே, கிளைவிட்ட மெல்லிய கோடுகளாக எக்ஸ் கதிர்ப் படத்தில் வெண்மையாகத் தெரிகின்றன. பெரும்பாலும் இந்நிலையில் கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படாது.

1913இல் பேர்லின் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேர்ட் சலமன், அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ் கதிரில் படம்பிடித்து ஆராய்ந்தார். இந்த நுண்புள்ளிகளை முதலில் கவனித்தவர் அவரே.

ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சந்தேகமான இடத்தில் ஊசியால் இழைய மாதிரி எடுப்பார்கள். புள்ளிகள் அதில் வந்திருக்கின்றனவா என்று அந்த மாதிரியையும் எக்ஸ் கதிரில் பார்ப்பார்கள். பின்னர் அதை நுணுக்குக்காட்டியில் ஆராய்வார்கள். சாயமிட்டதும் கல்சியம் பொசுபேற்று ஊதா நிறமாகத் தெரியும். கல்சியம் ஒட்சலேற்றோ ஏறத்தாழ நிறமற்றது. முனைவாக்கிய ஒளியில்தான் மினுங்கும். அது பெரும்பாலும் தீங்கற்ற மாற்றங்களோடு சேர்ந்தது. படத்தில் கண்ட புள்ளி நுணுக்குக்காட்டியில் அகப்படாவிட்டால் மீண்டும் தேடுவார்கள். புள்ளி அடையாளம் மட்டுமே. நோயா இல்லையா என்பதைச் சொல்பவை அதைச் சுற்றியுள்ள கலங்கள்தான்.

இந்த ஆரம்ப நிலை எல்லோரிடமும் பரவும் நோயாக மாறுவதில்லை. யாரிடம் மாறும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாததால் பொதுவாகச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். சிலருக்குக் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. இந்நிலையில் கண்டுபிடித்தால் அநேகமாக எல்லோரும் குணமடைகிறார்கள்.

பெரியம்மாவின் அறிக்கை அலுமாரிக்குள் நான்கு மாதம் இருந்தது. உம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிறகே பரிசோதனை நடந்தது. நோய் கானைத் தாண்டியிருக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து இப்போது சுகமாக இருக்கிறார். பால் தேநீரும் குடிக்கிறார்.

தோழிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு கடதாசி இருக்கிறதா என்று இன்றே உம்மாவிடம் கேளுங்கள்.