“வெள்ளைக்காரப் பிள்ளை” என்று சொல்லாதீர்கள்!

சில மாதங்களுக்கு முன், காலை நிகழ்ச்சியில் பிள்ளைகளின் பள்ளி அனுபவங்களைப் பற்றி நேயர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா அழைத்தார்.

“தங்கச்சி, என் மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். முடி, புருவம் எல்லாம் வெள்ளையா இருக்கும். அவன் பிறந்தப்போ மாமியார் என்னையே ஒரு மாதிரி பார்த்தாங்க. இப்போ ஸ்கூல்ல, போர்டைப் பார்த்து எழுத மாட்டேங்கிறான், சோம்பேறினு சொல்றாங்க.”

அடுத்த பாடல் ஒலித்து முடியும்வரை அவரோடு தனியாகப் பேசினேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: “இது என்னால வந்ததா?”

இல்லை, அக்கா. உங்களால் மட்டும் இது வரவே முடியாது.

யார் காரணம்?

நம் தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் தருவது மெலனின். அதை உருவாக்கும் மரபணுவில் மாற்றம் இருந்தால் மெலனின் குறைவாக உருவாகும். அல்லது உருவாகவே உருவாகாது. இதுதான் அல்பினிசம்.

ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அப்பாவிடமிருந்து, மற்றொன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருப்பவரைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்து, இருவரிடமிருந்தும் மாறிய பிரதியே பிள்ளைக்குப் போனால்தான் அல்பினிசம் வரும். அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது” என்ற கணக்கு தவறு.

கிரகணமும் காரணமில்லை, குங்குமப்பூவும் காரணமில்லை. ஆனால், நம்மிடையே உள்ள தாய்மாமன், அத்தை மகன் உறவுத் திருமணங்களில் கணவன் மனைவி இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதை மறைத்துப் பயனில்லை.

இது தொழுநோயும் அல்ல, வெண்புள்ளியும் அல்ல. தொட்டால் ஒட்டாது.

தோலைவிடக் கண்தான் முக்கியம்

நாம் தோலைப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்கோ அன்றாடச் சிரமம் கண்ணில். கருவிலேயே விழித்திரையின் மையப்பகுதி சரியாக வளர மெலனின் தேவை. அது குறைந்தால் பார்வை மங்கும். கண்ணாடி உதவும், ஆனால் முழுமையாகச் சரிசெய்யாது. கருவிழிகள் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும். வெளிச்சம் கூசும்.

சில பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில்தான் கண்ணின் அசைவு குறையும். “நேராகப் பார்!” என்று அதட்டினால், தெரிந்ததும் தெரியாமல் போகும். அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

என்ன செய்யலாம்?

வகுப்பில் முன்வரிசையில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடத்தில் அமர்த்துங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் கொடுங்கள்.

நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. மெலனின் இல்லாத தோல் சில நிமிட வெயிலிலேயே சிவந்துவிடலாம். பல ஆண்டு வெயில் தோல் புற்றுநோயில் கொண்டு விடலாம். நீளக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஆகியவை அவசியம். திடலில் நடக்கும் சபைகூடலில் அவனை நிழலில் நிறுத்துங்கள். ஆறாத புண் தெரிந்தால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எளிதில் இரத்தக்கட்டு ஏற்பட்டால் அதையும் சொல்லுங்கள். அரிதான சில வகைகளில் இரத்தம் உறைவதிலும் சிக்கல் உண்டு.

ஐ.நா. 2015 முதல் ஜூன் 13ஆம் தேதியை அனைத்துலக அல்பினிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறது. நாம் ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த அம்மா அண்மையில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். ஆசிரியரிடம் பேசியிருக்கிறார், மகனை முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள். “பாதிதான் எழுதுறான், தங்கச்சி. ஆனா எழுதுறான்.”

மாமியாரிடமும் அந்த நான்கில் ஒரு கணக்கை விளக்கினாராம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பேரனுக்குத் தொப்பி வாங்கி வந்திருக்கிறார்.