வழு எங்கே இருக்கிறது?

"இணையப் பிரயோகம் ஒன்றில் வழு ஏற்படத்தக்க இடங்கள் யாவை?" என்ற வினாவுக்குப் பலர் "செய்நிரலில்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது அரைகுறை விடை.

தோட்டக் காரியாலயக் கணினியில் நிறுவப்பட்ட சம்பள மென்பொருளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து நிறையைப் பதிவதும் கணிப்பதும் ஒரே கணினியில். எனவே வழுவையும் அங்கேயே தேடலாம். இணையப் பிரயோகத்திலோ சேவையகம், தரவுத்தளம், வலையமைப்பு, மேலோடி என வேலை பிரிந்து கிடக்கிறது.

இதற்குத் தமிழே நல்ல உதாரணம். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு இணையத்தில் இட்ட ஒரு வேலைவாய்ப்பு அறிவித்தலைப் பலாங்கொடையில் ஒருவர் சரியாக வாசிப்பார். அவ்வெழுத்துரு இல்லாத எட்டியாந்தோட்டைக் கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தோன்றும். இலக்கங்கள் மட்டும் தப்பிக்கொள்ளும். முடிவுத் திகதி தெரியும், எந்த வேலைக்கென்று தெரியாது! சேவையகத்தில் பிழையில்லை. வாசிப்பவரிடமும் அதே எழுத்துரு இருக்கும் என எண்ணியதே பிழை.

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் சிக்கல் உடனே தீரவில்லை, இடம் மாறியது. "கேகாலை" என்ற சொல்லில் முதலில் "க", அதன்பின் இரட்டைக்கொம்பு எனச் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னே கொண்டுவருவது மேலோடியினதும் பணிசெயல் முறைமையினதும் வேலை. அவ்வசதியற்ற பழைய கணினிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றது.

ஆகவே "பக்கம் சரியாகத் தெரியவில்லை, காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?" எனக் கேட்டால், முதற்படியாக வேறொரு கணினியில் திறந்து பார்த்தலை எழுதுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால், அடுத்து ஒப்பிட வேண்டியவை இரு கணினிகளின் எழுத்துருவும் மேலோடியும்.