சக்கரம் சுழல்கிறது, கார் நகரவில்லையே!

அமெரிக்காவில் ரிமோட் கார்களுக்கும் டிராக் ரேஸ் நடக்கிறது. நிஜப் பந்தயத்தின் 1,320 அடி, பத்தில் ஒரு பங்கு அளவுள்ள காருக்கு 132 அடியாகிறது. கிளம்பும்போதே சக்கரம் வழுக்கினால் தோல்விதான். உடனே பலர் காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் 'பஞ்ச்', அதாவது முதல் பாய்ச்சலின் வேகத்தை மாற்றுகிறார்கள். நான் சாஃப்ட்வேர் ஆள்தான். ஆனாலும் முதலில் துடைப்பத்தை எடுங்கள் என்பேன்! தூசியைப் பெருக்கிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைத் தார்த்தளத்தில் தெளித்துக் காயவிடுவார்கள். நீர் ஆவியாகி, பிசுபிசுப்பான படலம் தங்கும். டயர் அதைப் பற்றிக்கொள்ளும். மழை வந்தால் எல்லாம் கரைந்துவிடும்.

எக்ஸெலில் ஓட்டத்திற்கு ஒரு வரியாக, தளத்தின் வெப்பம், சர்க்கரை அளவு, எடுத்த நேரம் மூன்றையும் பதியுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். தளம் சரியான பின்பும் வழுக்கினால் பஞ்ச் அளவைக் குறைக்கலாம். சில கருவிகளை யுஎஸ்பி மூலம் கம்ப்யூட்டரில் இணைத்தே இதைச் செய்ய முடியும்.